போட்ட காசு எந்த வழியா வரும்?

சுயாதீன சினிமா எடுக்கக் கிளம்பும் ஒவ்வொருவரும் திரைக்கதையோடு சேர்த்து எழுத வேண்டிய இன்னொரு கதை: பணம் வீடு திரும்பும் கதை

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோ. மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய இரும்பு பீரோ. அதன் இரண்டாவது தட்டில், மாஸ்கிங் டேப்பில் படத்தின் பெயர் எழுதி ஒட்டிய ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. உள்ளே 96 நிமிடப் படம். எடிட்டிங் முடிந்துவிட்டது. டப்பிங் முக்கால்வாசி முடிந்துவிட்டது. பின்னணி இசை, மிக்ஸிங், கலர் கரெக்ஷன், சென்சார் எல்லாம் பாக்கி. ஸ்டூடியோவுக்குத் தர வேண்டிய பணமும் பாக்கி. நான்கு வருடங்களாக அந்த டிஸ்க் பீரோவை விட்டு நகரவில்லை. ஆயுத பூஜை அன்று மைக், மிக்ஸர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் ஸ்டூடியோக்காரர், பீரோவைத் திறந்து இதற்கும் ஒரு பொட்டு வைக்கிறார். நான்கு வருடக் குங்குமம் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து கிடக்கிறது.

அந்தப் படத்தை எடுத்தவர் என் நண்பர். ஊரில் அம்மா பெயரில் இருந்த முக்கால் ஏக்கரை விற்று எடுத்தார். திறமையில் குறை சொல்ல முடியாது. ரஃப் கட் பார்த்தவர்கள் யாரும் உடனே எழுந்து போகவில்லை; சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஏன் படம் பீரோவில் இருக்கிறது? பணத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்ததெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் அடங்கிவிட்டது. கேமரா வாடகை, லாட்ஜ், சாப்பாடு, பேட்டா, வண்டி. கடைசி நாள் பூசணிக்காய் உடைத்ததோடு அந்தக் கணக்கும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு படத்துக்குச் செலவு இருக்கிறது, வரவு இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது என்பதற்கு அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த எழுதப்படாத பக்கங்களைப் பற்றியது. வெளியூரில் அதை பிசினஸ் பிளான் என்கிறார்கள். வங்கிக்குப் போகிறவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்பார்கள். திட்ட அறிக்கை என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதுவாக இருந்தாலும், அது இல்லாமல் இன்னொருவர் காசைக் கையில் வாங்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மஞ்சள் மண்டியில் மூன்று கேள்விகள்

படம் தொடங்கும் முன்பு நண்பரும் நானும் ஈரோட்டுக்குப் போனோம். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர், சினிமாவில் ஆசை உள்ளவர் என்று கேள்விப்பட்டோம். மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நண்பர் ஒன்றரை மணி நேரம் கதை சொன்னார். பெரியவர் போனை எடுக்கவில்லை. வந்த ஆட்களைக் கையசைத்து வெளியே நிற்கச் சொன்னார். கதை முடிந்தபோது மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கதை நல்லாருக்குதுங்க தம்பி" என்றார். பிறகு பக்கத்து மூட்டையில் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுத்து எங்கள் முன்னால் ஒடித்தார். கணீரென்று ஒரு சத்தம். "இந்தச் சத்தம் வந்தா நல்லா காஞ்ச மஞ்சள். சத்தம் வரலீன்னா உள்ள ஈரம் இருக்குதுன்னு அர்த்தம். நாங்க ஒடிச்சுப் பாக்காம ஒரு மூட்டை வாங்க மாட்டோமுங்க. உங்ககிட்ட மூணே கேள்வி. போட்ட காசு எந்த வழியா வரும்? எப்ப வரும்? வரலீன்னா அதை எங்ககிட்ட யாரு வந்து சொல்லுவீங்க?"

நண்பர் "தியேட்டர், ஓடிடி, சாட்டிலைட்..." என்று தொடங்கினார். எவ்வளவு என்று கேட்டபோது ஒரு ஹிட் படத்தின் பெயரைச் சொன்னார். பெரியவர் மோர் கொடுத்து, பேருந்து நிலையம் வரை ஆள் விட்டு அனுப்பினார். பணம் தரவில்லை. வழியெல்லாம் அவரை ரசனை இல்லாதவர் என்று நாங்கள் திட்டிக்கொண்டு வந்தோம். அவர்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல ஆசிரியர் என்பது புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

இரண்டு ரூபாயில் பிறந்த படம்

பணம் என்றால் எல்லாம் ஒரே பணம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. இந்திய சினிமாவின் வரலாறே அதற்குச் சாட்சி.

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பை 1952-ல் தொடங்கினார். தயாரிப்பாளர்களிடம் அவர் கொண்டுபோனது காட்சி காட்சியாகத் தானே வரைந்த ஓவியங்களை. கதையைக் காதால் கேட்டுப் பழகிய தயாரிப்பாளர்கள் யாரும் அசையவில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன், மனைவியின் நகை என்று போய், கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. படத்தின் பெயரில் பாதை இருந்ததால் அரசுக் கணக்கில் அது சாலை மேம்பாட்டுச் செலவாகப் பதிவானது. படம் வெளியானது 1955-ல். ஒரு மேதைக்கே மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

1976-ல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்கு குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். மொத்தம் 10 லட்சம். அந்த விவசாயி எதிர்பார்த்தது லாபத்தை அன்று. தன் கூட்டுறவுச் சங்கத்தின் கதை திரையில் வர வேண்டும் என்பதை. படம் வந்ததும் அவர்களே வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். முதலீட்டாளரே பார்வையாளராக இருந்த அபூர்வம் அது. 2024-ல் மீட்டெடுக்கப்பட்ட அதன் பிரதி கான் விழாவில் திரையிடப்பட்டது.

நமக்கு 'அக்ரஹாரத்தில் கழுதை'யைத் தந்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா என்ற கூட்டமைப்பை நண்பர்களோடு உருவாக்கினார். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். கொடுத்தவர்களுக்குத் திரும்பியது படம் மட்டும்தான், அதுதான் ஒப்பந்தமும்.

கன்னடத்தில் பவன் குமார், தயாரிப்பாளர்கள் கைவிரித்த பிறகு 'லூசியா' படத்துக்காகப் பொதுமக்களிடம் நேரடியாகக் கேட்டார். 27 நாளில் 110 பேரிடமிருந்து 51 லட்சம் ரூபாய் வந்தது. 2013-ல் படம் லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. தமிழில் அது 'எனக்குள் ஒருவன்' ஆனது. ஒரு படத்தின் வருமானத்தில் ரீமேக் உரிமையும் ஒரு கிளை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செழியனின் 'டு லெட்' படத்தை அவர் மனைவி பிரேமாவே தயாரித்தார். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'லுக்கு விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் தயாரிப்பாளர்களாக நின்றார்கள். அருண் கார்த்திக்கின் 'நசீர்' நெதர்லாந்துடன் கூட்டுத் தயாரிப்பாக உருவானது. குடும்பப் பணம், நட்சத்திரத்தின் பணம், வெளிநாட்டுப் பணம் என்று மூன்றும் மூன்று வகை. திரைப்பட விழா நிதியம் தரும் மானியத்தைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் அதற்கு விண்ணப்பம், காலக்கெடு, கணக்கு ஒப்படைப்பு உண்டு. அம்மாவின் நிலத்தை விற்ற பணத்துக்கு விண்ணப்பம் கிடையாது. ஆனால் அதுதான் எல்லாவற்றையும்விடக் கனமான பணம்.

திட்ட அறிக்கையின் முதல் வேலை, இன்னார் பணம் இன்ன எதிர்பார்ப்போடு வருகிறது என்று பிரித்து எழுதுவது.

மூணு வட்டிக் கணக்கு

சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து தருவதாக மத்திய அரசு 1998-ல் அறிவித்தது. ஆனால் வங்கி அடமானம் கேட்கும். சின்னப் படத்துக்கு இருக்கும் ஒரே சொத்து, இன்னும் எடுக்கப்படாத அந்தப் படம்தான். எனவே கோடம்பாக்கம் பைனான்ஸியரை நம்பியே இயங்குகிறது. பிலிம் காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும். பைனான்ஸியர் சம்மதம் இல்லாமல் பிரிண்ட் வெளியே போகாது என்று லேப் ஒரு கடிதம் கொடுக்கும். லேப் லெட்டர் என்றால் அந்தக் காலத் தயாரிப்பு நிர்வாகிகளுக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். இப்போது நெகட்டிவ் இல்லை. தியேட்டர் சர்வரைத் திறக்கும் டிஜிட்டல் சாவி இருக்கிறது. பாக்கி தீராமல் அந்தச் சாவி கிடைக்காததால் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்தாகும் செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மாதம் நூற்றுக்கு 3 ரூபாய். 'மூணு வட்டி' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 50 லட்சம் வாங்கினால் மாதம் ஒன்றரை லட்சம். படம் தொடங்கிப் பணம் திரும்ப 20 மாதம் ஆனால் வட்டி மட்டும் 30 லட்சம். அந்தப் பணத்தில் இன்னொரு சின்னப் படத்தின் பாதிப் படப்பிடிப்பை முடித்துவிடலாம்.

இங்கேதான் பெரியவரின் இரண்டாவது கேள்வி வந்து நிற்கிறது: எப்போது வரும்? 'கூழாங்கல்' ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்றது 2021 பிப்ரவரியில். சோனி லிவ் தளத்தில் பொதுமக்கள் பார்த்தது 2023 அக்டோபரில். நடுவில் 32 மாதம். 'டு லெட்' 2017 நவம்பரில் கொல்கத்தா விழாவில் திரையிடப்பட்டு, தேசிய விருதும் வாங்கி, தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். விழாக்களை நம்பி எடுக்கும் நல்ல படத்துக்கு இந்தக் காத்திருப்பு இயல்பானது, பல நேரம் தேவையானதும்கூட. ஆனால் மூணு வட்டிப் பணத்தில் 32 மாதம் காத்திருந்தால் முதலுக்குக் கிட்டத்தட்ட சமமாக வட்டி வந்து நிற்கும். மெதுவாகத் திரும்பும் படத்தை வேகமாக ஓடும் கடனில் எடுக்கக் கூடாது. இந்த ஒரு வரியை என் நண்பருக்கு யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

2,22,222 பேர்

இனி முதல் கேள்வி. எந்த வழியாக வரும்?

தியேட்டரிலிருந்து தொடங்குவோம். கணக்கு எளிதாக இருக்க, வரிகள் போக ஒரு டிக்கெட்டில் 100 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். தியேட்டருக்குப் பாதி என்றால் 50 ரூபாய் நம் பக்கம் வரும். விநியோகஸ்தர் கமிஷன் அதில் 10 சதவீதம் என்றால் கையில் 45. படத்தின் மொத்தச் செலவு 1 கோடி என்றால், தியேட்டர் வசூலில் மட்டும் அதை எடுக்க 2,22,222 பேர் டிக்கெட் வாங்க வேண்டும்.

பெரிய எண்ணாகத் தெரியாது. சின்னப் படத்துக்கு 60 தியேட்டரில் தினம் ஒரு காட்சி கிடைப்பதாகவும், காட்சிக்கு 40 பேர் வருவதாகவும் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2,400 பேர். 2,22,222 பேர் வர 92 நாளுக்கு மேல் ஆகும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய படம் வந்தால் அந்தக் காட்சியும் போய்விடும். போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் திரையிடல் கட்டணம் ஆகியவற்றை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். தியேட்டர் ஒரு வழி; அது மட்டுமே வழியாக இருந்தால் ஆபத்து என்பதைத்தான் இது சொல்கிறது. தமிழ்நாட்டு விநியோகம் சென்னை சிட்டி, என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, சேலம், மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சை, திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரிந்திருக்கிறது. நட்சத்திரப் படத்துக்கு அவுட்ரைட்டாகவோ (மொத்த விற்பனை) எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதம்) முறையிலோ முன்பணம் வரும். முகம் தெரியாத நடிகர்கள் உள்ள படத்தைப் பெரும்பாலும் கமிஷன் அடிப்படையில்தான் எடுப்பார்கள். விளம்பரச் செலவும் தயாரிப்பாளர் தலையில்தான். "ஏரியா வித்துடலாம்" என்ற நம்பிக்கையைத் திட்ட அறிக்கையில் வருமானமாக எழுதக் கூடாது.

ஓடிடி? 2020 ஊரடங்கில் தியேட்டர் மூடியிருந்தபோது தளங்கள் படங்களை நேரடியாக வாங்கின. 2021-ல் 'மண்டேலா' விஜய் டிவியில் நேரடியாக வந்து, நெட்ஃபிளிக்ஸில் உலகமெங்கும் போனது. அந்தக் காலத்து விலையை வைத்து இன்றைக்குக் கணக்கெழுதுபவர்கள் ஏமாறுகிறார்கள். பல சின்னப் படங்களுக்கு இப்போது மொத்த விலை கிடைப்பதில்லை. பார்க்கப்பட்ட நேரத்துக்கு ஏற்பப் பங்கு என்ற முறைக்குத்தான் தளங்கள் வருகின்றன.

சாட்டிலைட்? தொலைக்காட்சியில் போட 'யு' அல்லது 'யு/ஏ' வகைச் சான்றிதழ் வேண்டும். 'ஏ' வாங்கினால் அந்த வழி அடைபடும். கதைக்கு 'ஏ' தேவை என்றால் தாராளமாக எடுங்கள். ஆனால் திட்ட அறிக்கையில் சாட்டிலைட் வரவை அன்றே அடித்துவிடுங்கள். இந்தி டப்பிங், ரீமேக், ஆடியோ, வெளிநாட்டு உரிமை, விமானத் திரையிடல் எல்லாம் சின்னச் சின்ன ஓடைகள். சேர்ந்தால் வாய்க்கால் ஆகும். குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான படங்களுக்குத் தமிழக அரசின் 7 லட்ச ரூபாய் மானியத் திட்டமும் உண்டு. அதை வரவில் சேர்க்காமல் இருப்பதே நல்லது; வந்தால் நிம்மதி, வராவிட்டால் நட்டமில்லை.

ஒப்பீட்டுப் படங்களை எழுதும் பகுதியில்தான் அதிகப் பொய் நடக்கிறது. யாரைக் கேட்டாலும் "காக்கா முட்டை மாதிரிங்க" என்கிறார்கள். மணிகண்டனின் அந்தப் படம் 2014-ல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டது. தேசிய விருதுகள் வாங்கியது. 2015-ல் ஃபாக்ஸ் ஸ்டார் அதை வெளியிட்டது. தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். படத்தின் தரம் ஒரு பக்கம். தியேட்டர் கதவைத் திறந்த கைகள் இன்னொரு பக்கம். உங்கள் படத்துக்கு அந்தக் கைகள் இல்லையென்றால் அந்த வசூலை உங்கள் அறிக்கையில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. ஓடிய இரண்டு படத்தை எழுதினால் ஓடாத மூன்று படத்தையும் எழுதுங்கள். ஏன் ஓடவில்லை, நீங்கள் அதில் எதை மாற்றிச் செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒடித்தால் கணீரென்று சத்தம் வரும் பக்கம் அதுதான்.

பின்னாலிருந்து எழுதும் பட்ஜெட்

நாம் வழக்கமாகக் கதையிலிருந்து பட்ஜெட்டுக்கு வருகிறோம். கதை 1 கோடி கேட்கிறது, எனவே 1 கோடி தேடுகிறோம். முதலீட்டாளர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இது தலைகீழ். சகல வழிகளையும் கூட்டி, கெட்ட காலத்திலும் திரும்பக்கூடிய தொகை எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். அது 60 லட்சம் என்றால் படம் அதற்குள் அடங்க வேண்டும். மீதி 40 லட்சம் வேண்டும் என்றால், அதைத் திருப்பித் தரத் தேவையில்லாத பணமாகத் தேட வேண்டும்: மானியம், விழா நிதி, சம்பளத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் கலைஞர்களின் உழைப்பு.

1 கோடி ரூபாய்ப் படத்துக்கு நான் ஒரு மாதிரிக் கணக்கு போட்டேன். முன்தயாரிப்பு 5 லட்சம். படப்பிடிப்பு 45. எடிட்டிங், டப்பிங், இசை, மிக்ஸிங், கலர் எல்லாம் சேர்த்து 20. விளம்பரமும் வெளியீடும் 15. சட்டம், சென்சார், காப்பீடு 3. அலுவலகம், வட்டி 5. எதிர்பாராச் செலவு 7. கவனியுங்கள்: பூசணிக்காய் உடைக்கும்போது பாதிப் பணம்தான் செலவாகியிருக்கிறது. என் நண்பரின் நோட்டில் அந்த மறுபாதியே இல்லை. அவர் படம் பீரோவுக்குள் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கோவாவில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவை ஒட்டி தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007 முதல் நடத்திவரும் ஃபிலிம் பஜாரில் இந்தச் சிந்தனை ஏற்கெனவே ஊறியிருக்கிறது. அங்கே கூட்டுத் தயாரிப்புச் சந்தைக்கு விண்ணப்பிப்பவர் கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்போடு பட்ஜெட்டையும் நிதித் திட்டத்தையும் கொடுக்க வேண்டும். எவ்வளவு பணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றும் கேட்பார்கள். கையில் கொஞ்சம் வைத்திருப்பவரிடம்தான் அடுத்தவர் கை நீட்டுவார். ரித்தேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்' அந்தச் சந்தை வழியாக வளர்ந்து இந்தியா, பிரான்ஸ், ஜெர்மனி கூட்டுத் தயாரிப்பாகி 2013-ல் கானுக்குப் போனது. 2024-ல் கானில் கிராண்ட் பிரி வென்ற பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' பல நாடுகளின் நிதியைப் பொறுமையாகக் கோத்து எடுத்த படம். அந்தப் படங்களின் கவிதையைப் பார்த்து வியக்கிறோம். அதற்குப் பின்னால் யாரோ ஒரு தயாரிப்பாளர் பல வருடம் விண்ணப்பங்களும் கணக்குகளும் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் மதிக்க வேண்டும்.

யாருக்கு முதலில்?

பணம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். யார் முதலில் எடுப்பது? வந்த பிறகு பேசினால் சண்டை. வரும் முன்பு எழுதினால் ஒப்பந்தம்.

உலகெங்கும் சுயாதீனப் படங்களில் பழகிய ஒரு வரிசை இது. முதலில் விற்றுக் கொடுத்தவர் கமிஷனும் வெளியீட்டுச் செலவும். அடுத்து கடனும் வட்டியும். அடுத்து முதலீட்டாளர்களின் முதல், அவரவர் போட்ட விகிதத்தில். அதன் மேல் பேசிவைத்த ஒரு கூடுதல். 20 சதவீதம் என்று வைப்பது பரவலான வழக்கம். இவ்வளவும் முடிந்த பிறகு மிஞ்சுவதில் பாதி முதலீட்டாளர்களுக்கு, பாதி படைப்பாளிகளுக்கு. சம்பளத்தை விட்டுக்கொடுத்த கலைஞர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதும் பெயர் போட்டு எழுதப்பட வேண்டும்.

லாபத்தில் பங்கு என்ற ஒற்றைச் சொல்லை நம்பி எத்தனை ஒளிப்பதிவாளர்கள், எத்தனை உதவி இயக்குநர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள் தெரியுமா? எதைக் கழித்த பிறகு லாபம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதி நட்புகள் பிழைத்திருக்கும். அதோடு படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்கக் கணக்கு. இதற்குச் செலவே இல்லை.

சட்டம் போட்ட வேலி

ஒரு படத்துக்கு ஒரு நிறுவனம் என்பது பாதுகாப்பான வழி. 2008-ன் சட்டப்படி எல்.எல்.பி. தொடங்கலாம், அல்லது பிரைவேட் லிமிடெட். படம் மூழ்கினால் வீடும் சேர்ந்து மூழ்காமல் இருக்க இது உதவும்.

பொதுமக்களிடம் கேட்பதில் கவனம் தேவை. பங்கு தருகிறேன் என்று ஊரெல்லாம் அறிவித்துப் பணம் வாங்க முடியாது. பிரைவேட் கம்பெனி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வழங்க முன்வரக் கூடாது என்பது கம்பெனிகள் சட்டத்தின் வரம்பு. இத்தனை சதவீதம் நிச்சயம் என்று வாக்குக் கொடுத்துப் பணம் சேர்த்தால், 2019-ல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் பாயலாம். நன்கொடையாக வாங்கி டைட்டிலில் பெயரும் டிக்கெட்டும் தருவது வேறு கதை. எதுவானாலும் ஒரு ஆடிட்டர், ஒரு வக்கீல் இருவரிடமும் காட்டாமல் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

இன்னொரு கண்ணி யார் கண்ணிலும் படுவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, கதை உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 வருடத்துக்கு மட்டும்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என் நண்பர் ஒரு சிறுகதையைத்தான் படமாக்கியிருக்கிறார். எழுத்தாளர் அன்போடு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் காலமும் இல்லை, இடமும் இல்லை. நான்கு வருடம் பீரோவில் போய்விட்டது. எழுத்தாளர் நல்லவர், மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. உரிமைப் பத்திரம் சரியில்லாத படத்தை எந்தத் தளமும் வாங்காது.

அறிக்கையில் என்னென்ன?

பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். வரிசை இப்படி இருக்கலாம்:

- ஒரு பக்கத்தில் கதை, யார் பார்ப்பார்கள் என்ற தெளிவு. "எல்லாத் தரப்பும்" என்று எழுதினால் யாருமில்லை என்று பொருள்.
- படைப்பாளிகள் யார், இதுவரை என்ன முடித்திருக்கிறார்கள். தொடங்கியதை எழுத வேண்டாம்.
- முழு பட்ஜெட், வெளியீடு வரை.
- இதுவரை கைக்கு வந்த பணம், வர வேண்டிய பணம்.
- வருமான வழிகள், மூன்று நிலைகளில்: மோசம், சுமார், நன்று.
- ஒப்பீட்டுப் படங்கள், ஓடாதவையும் சேர்த்து.
- மாதவாரி கால அட்டவணை.
- பணம் திரும்பும் வரிசை.
- பணம் திரும்பாமல் போகலாம் என்ற தெளிவான வாக்கியம்.
- உரிமைப் பத்திரங்களின் நகல்.

ஒன்பதாம் பக்கம்

சென்ற மாதம் நண்பர் மறுபடி ஈரோட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். படத்தை முடிக்க 18 லட்சம் வேண்டும். இந்த முறை அவர் கதை சொல்லவில்லை. 11 பக்க அறிக்கையைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பணம் திரும்பும் வரிசை வந்ததும் நிமிர்ந்தார்.

"அம்மா நெலத்தை வித்த காசு எங்கீங்க தம்பி?"

நண்பர் காட்டினார். முடிப்பதற்காகக் கடைசியில் வரும் பணத்துக்கு முதல் இடம். அடுத்து ஸ்டூடியோ பாக்கி. அம்மாவின் பணம் மூன்றாவது இடத்தில்.

"அம்மாவுக்கு இது தெரியுங்களா?"

"படிச்சுக் காட்டிட்டேங்க ஐயா. அந்தப் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில், எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. பிறகு பக்கத்தைத் திருப்பினார். ஒன்பதாம் பக்கம். இந்தப் படத்தில் போடும் பணம் முழுவதும் திரும்பாமல் போகலாம். அப்படி ஆனால் வெளியீடு முடிந்து 90 நாளுக்குள் இயக்குநரே நேரில் வந்து கணக்கோடு சொல்வார் என்று அதில் எழுதியிருந்தது. அவர் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பல வருடம் கழித்துக் கிடைத்த பதில்.

அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்தப் பக்கத்தை ரெண்டாவதாக் கொண்டு வாங்க தம்பி. என் பையனும் படிக்கோணும். அவன் சரீன்னா மேற்கொண்டு பேசலாமுங்க."

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பென்டிரைவை நீட்டி, பக்க எண்களை மாற்றச் சொல்லிவிட்டு நண்பர் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது இரண்டானது. பிரின்டர் சூடாக ஒவ்வொரு தாளாகத் தள்ளியது. கடைசித் தாள் வந்ததும் அடுக்கி, ஓரம் தட்டி, ஒரு முறை முதலிலிருந்து சரிபார்த்தார். பிறகு மறுபடி மண்டியை நோக்கி நடந்தோம்.